பேத்தியைக் கூட்டிக்கொண்டு மாட்டுச் சந்தைக்கு

மாட்டுக்கு விலை ஊருக்கு ஊர் மாறும். மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சங்கதிதான் இது. வீட்டு வாசலுக்கு வந்து தரகர் கேட்கிற விலை ஒன்று. நாமே ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் நிறுத்தினால் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுகிற விலை இன்னொன்று. நடுவில் இருக்கிற அந்த வித்தியாசத்துக்காகத்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடக்கிறது எல்லாம்.

1873ஆம் வருஷம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மாடு எட்டு டாலர். அதே மாட்டை வடக்கே கான்சாஸ் மாநிலத்தில் ரயில் வந்து நிற்கிற ஊருக்குக் கொண்டு சேர்த்தால் 23 டாலர். நடுவில் இருப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். லாரி கிடையாது, நடத்தித்தான் கொண்டுபோகணும். அந்த வசந்த காலத்தில் அப்படிக் கிளம்பியவர்களில் 49 வயது விதவை ஒருவர் இருந்தார். பெயர் மார்கரெட் போர்லாண்ட். புருஷன் கூட வரவில்லை, அண்ணன் தம்பி பொறுப்பில் போகவில்லை. மந்தை அவருடையது, பொறுப்பும் அவருடையது. கூட வந்தவர்கள் மீசை முளைக்காத இரண்டு மகன்கள், ஏழெட்டு வயசில் ஒரு மகள், அவளைவிடச் சின்னவளாக ஒரு பேத்தி. அப்புறம் சம்பளத்துக்கு வந்த மாட்டுக்காரர்கள்.

எத்தனை மாடு என்பதில் பேச்சு இரண்டாக இருக்கிறது. ஆயிரம் என்பார்கள் சிலர். பெரும்பாலும் சொல்லப்படுவது 2,500. எது சரியாக இருந்தாலும், எங்க பக்கத்துச் சந்தைகள் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்தால்கூட ஒரு நாளில் அத்தனை உருப்படி நம்ம கண்ணில் படாது.

அமெரிக்காவில் இப்போது இவரை ‘மாட்டு ராணி’ என்கிற வரிசையில் வைத்து எழுதுகிறார்கள். சாகசக்காரி, அஞ்சாநெஞ்சு என்றெல்லாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் பட்டத்தில் ஓர் உறுத்தல். பட்டணத்திலிருந்து வருகிற நண்பர்கள் இங்கே தனியாக நின்று பண்ணையம் பார்க்கிற பெண்களைப் பார்த்து “என்னா தைரியம்!” என்று வியப்பார்கள். தைரியம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு இருக்கு. வேற ஆள் யாரு இருக்கா என்கிற கணக்கு. மார்கரெட்டின் கதையை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் நான் அந்தக் கணக்கில் போய்த்தான் நிற்கிறேன்.

1824 ஏப்ரல் 3ஆம் தேதி அயர்லாந்தில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் ஹெஃபர்னன். அந்தக் காலத்தில் டெக்சாஸ் மெக்சிகோ நாட்டின் ஒரு பகுதி. வடக்கு எல்லையில் ஆளைக் குடியேற்ற வேண்டும் என்று மெக்சிகோ நினைத்தது. (ஆளே இல்லாத இடம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அங்கே பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்டுக்கொண்டு நிலத்தைப் பங்கு போடவில்லை.) மெக்மல்லன், மெக்ளாயின் என்று இரண்டு ஐரிஷ்காரர்கள் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்க்கிற ஒப்பந்தத்தை எடுத்தார்கள். மாடு வளர்க்க வருகிற குடும்பத்துக்கு நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். அயர்லாந்தில் அடுத்தவன் நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுக் குத்தகை கட்டிக்கொண்டிருந்த சனத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1829இல் கப்பல் ஏறியவர்களில் ஹெஃபர்னன் குடும்பமும் ஒன்று. மார்கரெட்டுக்கு அப்போது ஐந்து வயது.

நுவேசஸ் ஆற்றங்கரையில் சான் பாட்ரிசியோ என்று ஊர் அமைத்தார்கள். பெயரைப் பாருங்கள், அயர்லாந்தின் புனிதர் பேட்ரிக்குக்கு ஸ்பானியச் சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். ஏழு வருஷம்கூட நிம்மதி இல்லை. 1836இல் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிகிற சண்டை அந்த ஊர்த் தெருவுக்குள்ளேயே நடந்தது. அந்தக் கலவர காலத்தில் மார்கரெட் அப்பாவை இழந்தார்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் ஆண்கள் வந்து வந்து போகிறார்கள். 1843இல், 19 வயதில், முதல் கல்யாணம், ஹாரிசன் டன்பாருடன். ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாளிலேயே டன்பார் ஒரு துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார். அந்தக் காலத்து டெக்சாஸில் மானப் பிரச்சினை என்றால் ஆளுக்கொரு துப்பாக்கியோடு எதிரெதிரே நின்று தீர்த்துக்கொள்வார்கள். பின்னால் நிற்கிற பொண்டாட்டி பிள்ளையை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது கணவர் மில்டன் ஹார்டி, விக்டோரியா என்ற ஊர்ப்பக்கம் 2,900 ஏக்கருக்குச் சொந்தக்காரர். 1852இல் காலரா அவரைக் கொண்டுபோனது. மூன்றாவது அலெக்சாண்டர் போர்லாண்ட். தெற்கு டெக்சாஸில் பெரிய மாட்டுக்காரர்களில் ஒருவர். இரண்டு சொத்தும் சேர்ந்து 1860 வாக்கில் எட்டாயிரம் மாடு. 1867இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஒரு சட்டச் சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. மூன்று முறை தாலி இழந்த ஒரு பெண் கையில் எப்படி நிலமும் மாடும் தங்கியது? அதே காலத்தில் இங்கிலாந்தில் கல்யாணம் ஆன பெண்ணின் சொத்து புருஷன் சொத்து, அவ்வளவுதான். 1882 வரை பெரிய மாற்றம் இல்லை. டெக்சாஸ் 1840இல் ஆங்கிலச் சட்டத்தை எடுத்துக்கொண்டபோது, சொத்து விஷயத்தில் மட்டும் பழைய ஸ்பானிய வழக்கத்தை விடவில்லை. பெண் கொண்டுவந்தது பெண்ணுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்ததில் இருவருக்கும் பாதி பாதி. புருஷன் உயிரோடு இருக்கும்வரை நிர்வாகம் அவன் கையில்தான், அதையும் சொல்லணும். அவன் செத்தால் அவள் பாதி அவளிடம் வரும். அந்த ஒரு வழக்கம் இல்லையென்றால் மார்கரெட் மச்சினன் வீட்டுத் திண்ணையில் ஒடுங்கியிருப்பார், நாமும் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நம்ம ஊரில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989இல். அதற்கப்புறமும் எத்தனை பட்டாவில் பெண் பெயர் ஏறியிருக்கிறது என்று உங்க சொந்த ஊருக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

1867க்கு வருவோம். அந்த வருஷம் டெக்சாஸ் கடற்கரை ஊர்களில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. துறைமுகத்தில் இறங்கி, உள்ளே ஊர் ஊராகப் பரவியது. எதனால் வருகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், அழுகின குப்பை என்றார்கள். தார்ப் பீப்பாயைத் தெருவில் கொளுத்தி வைத்துப் புகை போட்டார்கள். கொசுதான் காரணம் என்று நிரூபணம் ஆனது 1900இல். இன்றைக்கு நம்ம வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீரில் முட்டை போட்டு டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் கொசு. புருஷனைப் பறிகொடுத்த அதே வருஷம் மார்கரெட் வீட்டுக்குள்ளும் அந்தக் காய்ச்சல் நுழைந்தது. முதல் கல்யாணத்தில் ஒரு பெண், அடுத்த இரண்டிலும் பிள்ளைகள் என்று நிறைந்திருந்த வீடு. எல்லாம் அடங்கினபோது அவர் பெற்றதில் மிச்சம் மூன்றே பேர். மூன்றும் சின்னஞ்சிறுசுகள்.

இப்போது அந்தப் பேத்தியை நினைத்துப் பாருங்கள். மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளும் 1873இல் அவரோடு கிளம்பியவர்கள்தான். அதில் யாருக்கும் குழந்தை பிறக்கிற வயசில்லை. அப்படியானால் பேத்தியைப் பெற்றது, போய்விட்ட பிள்ளைகளில் ஒன்று. இது புத்தகத்தில் எழுதியிருப்பது இல்லை, நான் விரல்விட்டுப் போட்ட கணக்கு. ஆனால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு அந்தப் பயணம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சின்னக் குழந்தையை மாட்டு மந்தையோடு ஆயிரம் கிலோமீட்டர் கூட்டிப்போனார், என்ன துணிச்சல் என்று எழுதுகிறார்கள். விட்டுவிட்டுப் போக வீட்டில் யார் இருந்தார்கள்?

மாட்டை விற்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த ஆறு வருஷத்தில் அந்தம்மா பண்ணையைக் கைவிடவில்லை, பெருக்கினார். 1873இல் பத்தாயிரத்துக்கு மேல் மாடு. ஆனால் மாடு இருப்பதும் காசு இருப்பதும் ஒன்றில்லை. உள்நாட்டுப் போர் நடந்த நாலு வருஷம் டெக்சாஸ் மாடுகளுக்கு வெளிச்சந்தை அடைபட்டிருந்தது. ஆம்பளைகள் போருக்குப் போய்விட்டார்கள். சூடு போட ஆளில்லாமல் மாடுகள் காட்டில் தன்னால் பெருகின. போர் முடிந்தபோது லட்சக்கணக்கில் மாடு, வாங்க ஆளில்லை. வடக்கே நகரங்களில் கறிக்கு அலைகிறார்கள், தெற்கே தோலுக்கும் கொழுப்புக்கும் மாட்டைக் கொல்கிறார்கள். தக்காளியைக் கிலோ ரெண்டு ரூபாய்க்குக் கேட்டதால் வண்டியோடு கொட்டிவிட்டு வருகிற நம்ம ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸில் அபிலீன் என்ற குக்கிராமத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் பெரிய பட்டிகளைக் கட்டினார். தெற்கிலிருந்து மாட்டைக் கொண்டுவந்து சேர்த்தால் நான் வாங்குகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அப்படி ஆரம்பித்ததுதான் சிஸம் தடம். ஜெஸ்ஸி சிஸம் என்பவர் அம்மா வழியில் செரோக்கி இனம், வண்டிகட்டி வியாபாரம் செய்தவர். அவருடைய வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு மந்தைகள் போனதால் அந்தப் பெயர். அந்த மனுஷன் அதில் மாடே ஓட்டினதில்லை. 1868இல் செத்தும் போனார். பேர் மட்டும் நிலைத்துவிட்டது. 1872இல் ரயில் விசிட்டா வரை வந்ததும் மந்தைகள் அங்கே திரும்பின.

ஏன் இந்தந்த ஊருக்குத்தான் போகணும், பக்கத்து மிசௌரிக்குப் போனால் என்ன? அங்கேதான் உண்ணி வருகிறது. டெக்சாஸின் நீளக்கொம்பு மாடுகள் எங்கே போனாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடந்துபோன மேய்ச்சலில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் மட்டும் காய்ச்சல் கண்டு, ரத்த மூத்திரம் போய்ச் செத்தன. வடக்கே இருந்த விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து வழியை மறித்தார்கள். கான்சாஸ் அரசு கோடு கிழித்து, இதற்குக் கிழக்கே டெக்சாஸ் மாடு வரக் கூடாது என்றது. குடியேற்றம் மேற்கே நகர நகர அந்தக் கோடும் நகர்ந்தது, சந்தை ஊரும் நகர்ந்தது. உண்ணி வழியாகப் போகிற கிருமிதான் காரணம் என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் வெளியிட்டது 1893இல். தெற்கத்தி மாடு கன்றுக்குட்டியாக இருக்கும்போதே அதற்குப் பழகிவிடுகிறது. ஜெர்சிக் கலப்பும் நாட்டு மாடும் ஒரே தொழுவத்தில் கட்டியிருப்பவர்களுக்கு இது புதுசில்லை. உண்ணி ஏறினால் எது முதலில் படுக்கும் என்று நமக்குத் தெரியும். மார்கரெட்டின் குடும்பத்தைக் குறைத்தது ஒரு கொசு. அவர் எந்த ஊர்ச் சந்தைக்குப் போகணும் என்று தீர்மானித்தது ஓர் உண்ணி. இரண்டுமே அவருக்குத் தெரியாது.

செலவு என்ன? மாட்டுக்காரருக்கு மாசம் 30லிருந்து 40 டாலர் சம்பளம். 2,500 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். மூன்று மாசம் என்று வைத்தாலும் கூலி ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. வழியில் மேய்ச்சல் இலவசம். ஒரு மாட்டுக்கு 15 டாலர் வித்தியாசம் என்றால் 2,500க்கு 37,500 டாலர். வெறும் ஆயிரம் மாடு என்றாலும் 15,000. தரகரிடம் விட்டு அனுப்பியிருக்கலாம். கூலிக்கு மந்தை ஓட்டித்தரும் ஒப்பந்தக்காரர்கள் அப்போது உண்டு. அவர்கள் கணக்கு அவர்கள் கையில். பத்து மாடு ஆற்றில் போச்சு என்றால் போச்சுதான், யார் போய்ப் பார்ப்பது? சந்தைக்கு அடுத்தவனை அனுப்பினவர்கள் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

ஆக, 1873 வசந்தத்தில் கிளம்பினார்கள்.

மந்தை ஓட்டுவது என்றால் சினிமாவில் வருகிற மாதிரி குதிரையில் பாய்ந்துபோய்ச் சுடுவது கிடையாது. அவசரப்படுத்தினால் மாடு மெலியும், மெலிந்த மாட்டுக்கு விலை இல்லை. ஒரு நாளைக்கு 15லிருந்து 20 கிலோமீட்டர், மேயவிட்டு மேயவிட்டுப் போகணும். நல்ல கைக்காரன் ஓட்டினால் வழியிலேயே மாடு எடை போடும். மந்தைக்கு ஒரு முன்னோடி மாடு தானாக அமையும், அது போனால் மற்றதெல்லாம் பின்னால் போகும். முன்னால் இரண்டு பேர், பக்கவாட்டில் சிலர், கடைசியில் புழுதி தின்றுகொண்டு வருகிற புது ஆட்கள். கூலிக்கு வந்தவர்களில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் இந்தத் தடங்களில் நிறைய இருந்தார்கள். கயிறு வீசுவது, சூடு போடுவது, மந்தையைத் திருப்புவது என்று தொழில் முழுவதும் மெக்சிகோக்காரர்களிடம் கற்றதுதான். சினிமா அவர்களை வெளுத்துவிட்டது.

சமையல்காரனுக்கு ஒரு வண்டி. மாவு, பீன்ஸ், காபி, பன்றிக்கொழுப்பு. குழந்தைகள் இருக்கிற கூட்டத்தில் அந்த மாதிரி ஒரு கூண்டு வண்டிதான் வீடு.

ராத்திரிதான் கஷ்டம். மாட்டைப் படுக்கப் போட்டுவிட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றி வருவார்கள், மெல்லப் பாடிக்கொண்டே. பாட்டு மாட்டுக்காகத்தான். ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் அது மிரளாது. மின்னல் வெட்டினால் எல்லாம் பாழ். ஒரு நொடியில் மந்தை முழுக்க எழுந்து ஓடும். இடி இறங்கும் நேரத்தில் மாட்டுக் கொம்பு நுனியில் நீல வெளிச்சம் ஆடியதைப் பார்த்ததாக அந்தத் தடத்தில் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓடுகிற மந்தைக்கு முன்னால் குதிரையைவிட்டு, அதை வட்டமாகத் திருப்பணும். இருட்டில் குதிரை கால் வளையில் மாட்டினால் ஆள் அவ்வளவுதான். வண்டிக்குள் படுத்திருக்கிற குழந்தைகள் பக்கம் மந்தை திரும்பாமல் இருக்க வேண்டும் என்பது வேறு.

அப்புறம் ஆறுகள். கொலராடோ, பிராசோஸ், எல்லையில் ரெட் ரிவர், அதைத் தாண்டினால் இப்போது ஒக்லஹாமா என்கிற இந்தியப் பிரதேசம். நாற்பது வருஷத்துக்கு முன் கிழக்கிலிருந்து விரட்டிக் கொண்டுவந்து விடப்பட்ட பூர்வகுடி மக்களின் நிலம். அங்கே வாஷிட்டா, கனேடியன், சிமரான் என்று இன்னும் ஆறுகள். கண்ணில் வெயில் அடிக்கிற நேரத்தில் மாட்டை ஆற்றில் இறக்கக் கூடாது. நடு ஆற்றில் கரை தெரியாமல் சுற்ற ஆரம்பித்துவிடும், ஒன்றை ஒன்று மிதித்து மூழ்கும். வண்டிக்கு இரண்டு பக்கமும் மரத்தடியைக் கட்டி மிதக்கவிட்டு இழுப்பார்கள்.

இந்தத் தடத்தின் வழக்கங்களில் ஒன்று என் மனசில் சிக்கிக்கொண்டது. ராத்திரி படுக்கையில் பசு கன்று போட்டால், பொழுது விடிந்து கிளம்பும்போது அந்தக் கன்றைச் சுட்டுவிடுவார்கள். ஒரு நாள் கன்று நடக்காது. தாய் பின்தங்கும், மந்தை கலையும். தாய் ராத்திரியில் பழைய இடத்துக்குத் திரும்பி ஓடப் பார்க்கும், அதையும் பிடித்துக் கட்டணும். எங்க தெற்கே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை ஆட்டோடு தஞ்சாவூர் வரைக்கும் நடப்பார்கள். அவர்களும் குடும்பத்தோடுதான் போவது. பிறந்த குட்டியைக் குடாப்புக்குள் கவிழ்த்து வைத்துக் காப்பார்கள், இடம் மாறும்போது தூக்கிச் சுமப்பார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கலாம், கன்றைத் தூக்க முடியாது என்பது ஒரு காரணம். கிடை ஓர் ஊரில் பல நாள் தங்கும், அந்த மந்தை தினமும் நகரணும் என்பது இன்னொரு காரணம். மார்கரெட்டின் மந்தையில் இந்த வழக்கம் எப்படி நடந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வண்டியில் இரண்டு சின்னப் பெண்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

சுமார் இரண்டு மாசத்தில் விசிட்டா போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைகள் எல்லாரும் உயிரோடு. மந்தையும் வந்து சேர்ந்தது. விசிட்டா அப்போது மூன்று வருஷ ஊர். சாராயக் கடையும் சூதாட்டமும் புழுதியும். அங்கே ஒரு பெண்மணி டெக்சாஸிலிருந்து சொந்த மந்தையோடு, பிள்ளைகளோடு வந்து இறங்கினது ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஒரு விடுதியில் இடம் பிடித்துத் தங்கினார்கள்.

வந்து சில வாரத்தில் மார்கரெட் படுத்தார். அந்தக் காலத்தில் ‘தடக் காய்ச்சல்’ என்று ஒரு பெயர் சொல்வார்கள், மூளைக்காய்ச்சல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய மருத்துவத்தில் அது எந்த நோயாகவும் இருக்கலாம். வழிநெடுக ஆயிரக்கணக்கான மாடுகள் கலக்கின தண்ணீர், வெயில், தூக்கமில்லாத இரண்டு மாசம். 1873 ஜூலை 5ஆம் தேதி இறந்துபோனார்.

பத்து வாரம் கழிந்து, செப்டம்பர் 18ஆம் தேதி, ஜே குக் என்பவரின் வங்கி திவாலானது. ரயில் பாதைகளில் கணக்கில்லாமல் பணம் போட்ட வங்கி. அதோடு அமெரிக்கா முழுக்கப் பணம் முடங்கியது. விலை ஏறும் என்று மாட்டைப் பிடித்துவைத்துக் காத்திருந்தவர்கள் கான்சாஸ் புல்வெளியிலேயே நாசமானார்கள். அடுத்த வருஷம் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வேலி வந்தது, தடம் அடைபட்டது. 1885இல் கான்சாஸ் டெக்சாஸ் மாட்டுக்குக் கதவை முழுக்கச் சாத்தியது. எல்லாம் சேர்த்து இருபது வருஷம்கூட முழுசாக நடக்காத ஒரு தொழில். அதை வைத்துத்தான் நூறு வருஷமாகச் சினிமா எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தடத்தில் போன பெண்கள் வேறு யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். 1871இல் அமாண்டா பர்க்ஸ் என்பவர் கணவரோடு போனார். கணவர் மந்தையை நடத்த, இவர் தனிக் குதிரை வண்டியில் பின்தொடர்ந்தார். பிறகு கணவர் இறந்தபின் பண்ணையைத் தானே நடத்தி, 1931 வரை வாழ்ந்தார். பழைய மந்தைக்காரர்கள் சேர்ந்து தங்கள் நினைவுகளைத் தொகுத்துப் போட்ட ‘டெக்சாஸின் தடமோட்டிகள்’ என்ற புத்தகத்தில் அவர் எழுதிய பகுதி இருக்கிறது. ஆலங்கட்டி மழை, புல்வெளித் தீ என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுலா போய்வந்த மாதிரிச் சொல்லியிருப்பார். கிழவி ஆனபின் மந்தைக்காரர்கள் சங்கத்தில் அவருக்கு ராணிப் பட்டமே கொடுத்தார்கள். லிசி ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கல்யாணம் ஆகும்போதே என் மாடு என்னுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டவர். தன் மந்தை தனி, புருஷன் மந்தை தனி என்று வைத்துக்கொண்டு இருவரும் ஒன்றாக வடக்கே போனார்கள். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதணும், கெட்டிக்காரி.

இந்த இருவருக்கும் கூட ஓர் ஆள் இருந்தது. திரும்பி வந்து கதை சொல்ல ஆயுசும் இருந்தது. மார்கரெட்டின் பயணத்தை அவர் வாயால் நாம் கேட்க முடியாமல் போனதால், மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்ததுதான் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது சாகசம். குழந்தைகளுக்கு அம்மை வார்க்காமல், வண்டி அச்சு முறியாமல், ஆள் சம்பளம் பாக்கி வைக்காமல் ஒவ்வொரு நாளையும் கடத்தினது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. அந்தம்மாவிடமே கேட்டிருந்தால், விக்டோரியாவில் எட்டு டாலர், விசிட்டாவில் 23 டாலர் என்றுதான் ஆரம்பித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடலை விக்டோரியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் மாடுகளை நடத்திக் கிளம்பின ஊர். காய்ச்சலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்ததும் அங்கேதான்.